பாவித்த பிரீமியம் கொம்பெக்ட் ஜீப் வாங்கப் போறீங்களா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் ஒரு கராஜில், வாகனத்தின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரோடு வேலை செய்கிறவன் நான். வாரத்துக்கு நாலைந்து பேராவது "ஒரு வாகனம் பார்த்து வச்சிருக்கன், வந்து ஒருக்கா பாருங்க" என்று கூப்பிடுவார்கள். ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை டவுன் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். விலை எதுவும் எழுதவில்லை. இன்றைக்கு எழுதினால் அடுத்த மாதம் அது பிழையாகிவிடும்.

"பிரீமியம் கொம்பெக்ட் எண்டு சொல்றது எந்த வாகனங்களை? வெசலும் அதுக்குள்ள வருமா?"

பி.எம்.டபிள்யூ. எக்ஸ்1, அவுடி கியூ2, கியூ3, மெர்சிடிஸ் ஜீ.எல்.ஏ., வொல்வோ எக்ஸ்.சி.40 ஆகியவைதான் சரியாக அந்த வகை. ஹொண்டா வெசலையும் டொயோட்டா சி.எச்.ஆரையும் அந்த வரிசையில் வைக்க முடியாது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு குடும்பம் காசைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது, கொஞ்சம் பழைய எக்ஸ்1 ஒன்றையும் கொஞ்சம் புதிய வெசல் ஒன்றையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறது. அதனால் இங்கே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

இலங்கையில் வரி எஞ்சின் அளவைப் பார்த்துப் போடப்படுவதால் இவை பெரும்பாலும் சின்ன எஞ்சினோடுதான் வந்திருக்கின்றன. எக்ஸ்1 என்றால் 1.5 லீட்டர் மூன்று சிலிண்டர் டர்போ, கியூ2 என்றால் 1.0 லீட்டர் டர்போ, சி.எச்.ஆர். என்றால் 1.2 டர்போ அல்லது 1.8 ஹைபிரிட், வெசல் என்றால் 1.5 ஹைபிரிட். பெயரைப் பார்த்துப் பெரிய எஞ்சின் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

"எல்லாம் 2014 தொடக்கம் 2019 வரைக்கும்தான் இருக்கு. 2021, 22 ஒண்டும் கண்ணில படுதில்லையே?"

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்குத் திரும்பவும் 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. நடுவில் கிட்டத்தட்ட ஐந்து வருட ஓட்டை. ஆகவே சந்தையில் இருப்பது ஒன்றில் பழையது, இல்லாவிட்டால் அண்மையில் கப்பலில் வந்து இறங்கியது.

இதனால் வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஐந்து வருடமும் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. 2022இல் எரிபொருள் இல்லாமல் மாதக்கணக்கில் நின்றவையும் இருக்கின்றன. ஹைபிரிட் பெட்டரிக்கு ஓடாமல் நிற்பது நல்லதல்ல. "அப்ப இது ஓடினதா, நிண்டதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

"எங்கட ரோட்டுக்கு எது பொருத்தம்? மாரியில வெள்ளம் நிக்குமே."

தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். வெசல் 185 மில்லிமீற்றர், 2015க்குப் பிறகு வந்த எக்ஸ்1 183 மில்லிமீற்றர். சி.எச்.ஆர். ஹைபிரிட் பார்வைக்கு உயரமாகத் தெரிந்தாலும் 140 மில்லிமீற்றர்தான்; வயல் வழியாக வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

ஆனால் இடைவெளி இருப்பதால் வெள்ளத்துக்குள் இறக்கலாம் என்று அர்த்தமில்லை. வெசலின் ஹைபிரிட் பெட்டரி பின்பக்கம் சாமான் வைக்கும் இடத்தின் தளத்துக்குக் கீழே இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் வீதியில் தண்ணீர் ஓடினால் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு நடந்து வீட்டுக்குப் போங்கள்.

"நானா, அஞ்சு பேர் குடும்பம், வயசான உம்மாவும் இருக்கா. எது வசதி?"

உம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் ஏற்றி இறக்கிப் பாருங்கள். வாகனம் விற்கும் சேலில் தனியாக நின்று பார்க்கும்போது எல்லாம் வசதியாகத்தான் தெரியும். வெசலிலும் சி.எச்.ஆரிலும் பின்கதவின் கைபிடி கண்ணாடி ஓரத்தில் மேலே இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது எட்டாது. ஒவ்வொரு தடவையும் நீங்கள் இறங்கி வந்து திறக்க வேண்டும். சி.எச்.ஆரின் பின் கண்ணாடி சின்னது. பின்னால் இருக்கிற பிள்ளைக்கு வெளியே எதுவும் தெரியாமல் வாந்தி வருகிறது என்று என்னிடம் மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள்.

சாமான் இடம் எக்ஸ்1இல் 505 லீட்டர், வெசலில் ஏறக்குறைய 400, சி.எச்.ஆரில் 318. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எக்ஸ்1இன் இருக்கை உயரம் நல்லது: ஏறவும் வேண்டாம், குனியவும் வேண்டாம், அப்படியே அமரலாம். குடும்பத்துக்கு மட்டும் என்று பார்த்தால் என் மனதுக்குப் பிடித்தது எக்ஸ்1தான். அதைப் பராமரிக்க முடியுமா என்பது வேறு கேள்வி, கீழே வருகிறது.

"ஹைபிரிட் பெட்டரி போனா முடிஞ்சு எண்டு சொல்றாங்க. அதை எப்பிடிப் பாக்கிற?"

டாஷ்போர்டில் தெரியும் கோடுகளைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் ஓட்டுங்கள். நல்ல பெட்டரி மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். இரண்டு நிமிடத்தில் நிரம்பி, அடுத்த சிக்னலுக்குள் அடியில் போய் நின்று, எஞ்சின் அணையவே அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் பெட்டரி களைத்துவிட்டது.

பிறகு ஸ்கேனர் போட்டு, செல்களின் வோல்ட்டேஜை ஓடும்போதே பாருங்கள். நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அளவில்தான் காட்டும். ஒரு ஆள் ஓட்ட, இன்னொரு ஆள் திரையைப் பார்க்க வேண்டும். நன்றாக மிதிக்கும்போது ஏதாவது ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டுக் கீழே விழுகிறதா, பிரேக் பிடிக்கும்போது அதே ஒன்று மேலே துள்ளுகிறதா என்று கவனியுங்கள். சி.எச்.ஆர். ஹைபிரிட் என்றால் பெட்டரி 14 தொகுதியாகத் திரையில் வரும்; பலவீனமான தொகுதி எதுவென்று அப்படியே காட்டிக்கொடுக்கும்.

"பெட்டரி மாத்தியாச்சு" என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள். முழுப் பெட்டரியும் மாற்றுவது வேறு, பழுதான செல் ஒன்றிரண்டை எடுத்துவிட்டுப் பழைய செல் போடுவது வேறு. இரண்டாவது வேலை விற்கும் வரைக்கும் தாங்கும். அப்புறம், பெட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தில் தூசு அடைத்திருக்கிறதா என்றும் கை விட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்து மணல் தூசுக்கு இது வருடத்துக்கு ஒரு தடவை துப்புரவு செய்ய வேண்டிய இடம்.

"வெசல்ட கியர்பொக்ஸ் பிரச்சினை எண்டு எல்லாரும் பயமுறுத்துறாங்க. உண்மையா?"

முழுப் பொய்யும் இல்லை, சொல்கிற அளவுக்குப் பயங்கரமும் இல்லை. முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் இருப்பது 7 கியர் இரட்டைக் கிளட்ச், அதுவும் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அது சூடாகும். ஆரம்பத்தில் கியரைக் கட்டுப்படுத்தும் மென்பொருளிலும் குறை இருந்தது. 2014இல் ஜப்பானிலேயே ஹொண்டா அந்த வாகனங்களைத் திருப்பி அழைத்துத் திருத்தியது. பழைய வாகனம் என்றால் அந்தத் திருத்தம் ஏற்றப்பட்டதா என்று பார்க்கலாம்.

மட்டக்களப்பு தட்டை நிலம், மேட்டில் ஏற்றிப் பார்க்க வழியில்லை. நான் செய்வது இதுதான்: பின்னேரம் காத்தான்குடியில் பேரீச்ச மரம் நிற்கிற பிரதான வீதிக்குள் விட்டு, சன நெரிசலோடு இருபது நிமிடம் ஊர்ந்து வருவேன். சூடான பிறகு புறப்படும்போது உடம்பு உதறுகிறதா, ரிவர்ஸ் போட்டதும் ஒரு நொடி யோசித்துவிட்டு இடிக்கிறதா என்று அங்கேதான் தெரியும். காலையில் குளிர்ந்திருக்கும் வண்டியை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு "பொக்ஸ் நல்லம்" என்று சொல்லும் ஆளை நம்ப வேண்டாம்.

சின்ன எஞ்சின் அவுடிகள் பலவற்றிலும் இதே மாதிரி உலர் இரட்டைக் கிளட்ச்தான். எக்ஸ்1இல் 2015 மொடல் ஆரம்பத்தில் 6 கியர் சாதாரண ஓட்டோவோடு வந்தது. பின்னர்தான் 7 கியர் இரட்டைக் கிளட்ச் வந்தது. எங்கள் பாவனைக்கு அந்த 6 கியர் ஓட்டோ தொல்லை குறைந்தது.

"பி.எம்.டபிள்யூ., அவுடி எடுத்தா மட்டக்களப்பில யார் செஞ்சு தருவாங்க?"

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். ஒயில் மாற்ற, பிரேக் பேட் போட, சஸ்பென்ஷன் ரப்பர் மாற்ற இங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள். கியர்பொக்ஸ் மூளை, டர்போ, எயார்பேக் என்று வந்தால் வண்டி கொழும்புக்குத்தான். 300 கிலோமீற்றருக்கு மேல். ஓடும் நிலையில் இருந்தால் ஓட்டிக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் ஏற்றி அனுப்ப வேண்டும், பிறகு சாமானுக்கும் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் பிள்ளைகளை ஸ்கூலுக்கு எதில் கொண்டு போவீர்கள்?

அதனால் எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன்: கையில் இருக்கும் காசு முழுவதையும் வாகனத்துக்கே கொடுக்காதீர்கள். ஐரோப்பிய வாகனம் என்றால் வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு எது கிடைக்கும் என்று தேடுங்கள். அப்படிப் பார்த்து எக்ஸ்1 எட்டவில்லை என்றால் நல்ல வெசல் எடுங்கள். குறைவே இல்லை.

2015க்கு முந்திய டீசல் எக்ஸ்1 ஒன்று மலிவாக வந்தால் இன்னும் கவனம். அந்தக் கால நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது. செயின் சத்தம் வந்தால் சும்மா மூடியைக் கழற்றி மாற்ற முடியாது, பெரிய இறக்கு வேலை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பின்பக்கமிருந்து உரசுகிற சத்தம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று: எக்ஸ்1 பலவற்றில் ஸ்பெயார் வீல் கிடையாது, காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடும் ரன்பிளாட் டயர்தான். புனானைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையில் இரவு, யானை கடக்கும் இடத்தில் டயர் கிழிந்தால் உங்களோடு குடும்பம் இருக்கும். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. பழையதாக இருந்தால் புதிய டயரின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

"95 பெற்றோல்தான் அடிக்கணுமா?"

ஐரோப்பிய டர்போ எஞ்சினுக்கு ஆம். எல்லா ஷெட்டிலும் 95 இருக்காது, ஆகவே உங்கள் வழியில் எங்கே இருக்கிறது என்று முதலே பார்த்து வையுங்கள். வெசல் ஹைபிரிட்டுக்கு 92 போதும்.

"மீற்றர் குறைச்சிருக்கா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

ஜப்பான் வாகனம் என்றால் சேசி எண்ணை வைத்து ஏலத் தாளை, அதாவது ஜப்பானில் ஏலம் விட்டபோது எழுதிய பரிசோதனைத் தாளை, எடுக்கலாம். அதில் அன்றைய மீற்றரும் தரமும் இருக்கும். 4, 4.5 என்றால் நல்லது. ஆர் என்ற எழுத்து இருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்தியது. தாளை விற்கிறவரிடம் வாங்காதீர்கள், நீங்களே எடுங்கள். ஏஜெண்ட் மூலம் வந்த ஐரோப்பிய வாகனம் என்றால் அதே சேசி எண்ணுக்கு ஏஜெண்டிடம் சேர்விஸ் பதிவு இருக்கும்.

பிரேக் பெடலின் ரப்பரையும் டிரைவர் சீட்டின் வெளிப்பக்க ஓரத்தையும் பாருங்கள். மீற்றர் 60,000 காட்டும்போது பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்காது. புதிய பெடல் ரப்பரும் புதிய ஸ்டியரிங் உறையும் போட்டிருந்தால், ஏன் போட்டார்கள் என்று கேளுங்கள்.

"வெள்ளத்தில நிண்ட வாகனமா எண்டு எப்பிடித் தெரியும்?"

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து போன பிறகு இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. வெளி மாவட்டத்தில் ஒரு சேலில் என் மச்சானுக்காக ஒரு வெசல் பார்க்கப் போனேன். உள்ளே மல்லிகை வாசம், சீட் எல்லாம் கழுவி வெள்ளை வெளேர் என்று இருந்தது. டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டை நிற்கும் வரைக்கும் இழுத்தேன். கடைசி ஒரு முழம் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. விரலால் தடவினால் மாவு மாதிரி சேறு. பின் தளத்தைத் தூக்கிப் பார்த்தால் பெட்டரியைப் பிடித்திருக்கும் நட்டுகளின் தலை செம்மஞ்சளாகத் துருப்பிடித்திருந்தது. மச்சான் பேசாமல் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

ஆகவே எல்லா பெல்ட்டையும் முழுதாக இழுங்கள். சீட்டைப் பிடித்திருக்கும் தண்டவாளத்துக்கு அடியில் டோர்ச் அடியுங்கள். ஏ.சி.யை வெளிக் காற்றில் வைத்து ஐந்து நிமிடம் விட்டு மணந்து பாருங்கள். ஹைபிரிட் வாகனம் வெள்ளத்தில் நின்றது என்று தெரிந்தால் எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.

"கடற்கரைப் பக்கம் நிண்ட வாகனம் எடுக்கலாமா? எங்கட ஊரே கடற்கரைதானே."

எடுக்கலாம், ஆனால் லிப்டில் தூக்கி அடியைப் பார்த்துவிட்டு. கல்லடியிலும் மருதமுனையிலும் உப்புக் காற்று மட்டுமில்லை, கிணற்றுத் தண்ணீரும் பல இடங்களில் உவர். அந்தத் தண்ணீரால் தினம் கழுவிய வண்டி மேலே மினுங்கும். அடியில் பிரேக் பைப்பும் பின் அச்சும் உதிரும். துரு மேலால் தூசு மாதிரி இருந்தால் பரவாயில்லை. ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் செதில் செதிலாகக் கழன்றால் வேண்டாம். அம்பாறை, உகண பக்கத்து வாகனம் இந்த விஷயத்தில் கொஞ்சம் நல்லது.

"ஸ்கேன் போட்டம், ஒரு எரரும் இல்ல. அப்ப சரிதானே?"

இல்லை. எரரை அழிக்க ஒரு நிமிடம் போதும். ஸ்கேனரில் "கோட் அழித்த பிறகு ஓடிய தூரம்" என்று ஒரு வரி இருக்கிறது, அதைப் பார்க்கச் சொல்லுங்கள். 12 கிலோமீற்றர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்கு முன்தான் யாரோ அழித்திருக்கிறார்கள். வாகனம் தன்னைத் தானே சோதிக்கும் சோதனைகள் முடிந்தனவா என்றும் காட்டும். பாதி முடியவில்லை என்றால் கதை அதேதான். 12 வோல்ட் பெட்டரியைக் கழற்றிப் போட்டாலும் இப்படி வரும், ஆகவே சண்டைக்குப் போகாமல் "ரெண்டு நாள் ஓட்டுங்க, திரும்ப வாறன்" என்று சொல்லுங்கள். உண்மையான விற்பனைக்காரர் சம்மதிப்பார்.

"ஓபன் பேப்பர்ல தாறாங்க, விலையும் குறைவு. எடுக்கலாமா?"

பதிவுப் புத்தகத்தில், அதாவது சீ.ஆரில் பெயர் இருக்கும் ஆள் ஒருவர். உங்களுக்கு விற்கிறவர் இன்னொருவர். நடுவில் கையெழுத்து மட்டும் போட்டுத் திகதி போடாத மாற்றுப் படிவம். இதுதான் ஓபன் பேப்பர். அந்த முதல் ஆள் இறந்துவிட்டாலோ, வெளிநாடு போய்விட்டாலோ, கையெழுத்து ஒத்துவராவிட்டாலோ வாகனம் உங்கள் முற்றத்தில் நிற்கும், உரிமை உங்களிடம் இருக்காது. வேண்டாம்.

விற்கிறவரின் அடையாள அட்டையும் சீ.ஆரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் எண், சேசி எண் இரண்டையும் வாகனத்தில் பார்த்து ஒப்பிடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன எண்ணைக் கொடுத்தால் எஞ்சின் எண், தயாரிப்பு ஆண்டு, அப்சொலூட் ஓனர் (கடன் தீரும் வரை வாகனத்தின் முழு உரிமை உள்ளவர்) யார் என்பவை தெரியும். காசு கைமாறும் அன்றே எம்.டி.ஏ. 6 படிவத்தில் விற்கிறவரும் எம்.டி.ஏ. 8 படிவத்தில் நீங்களும் கையெழுத்து வைத்து, 14 நாட்களுக்குள் பெயரை மாற்றுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் எந்தத் திகதி வரைக்கும் என்றும் பாருங்கள். நிலுவை இருந்தால் அது உங்கள் தலையில்தான் வரும்.

"லீசிங் முடியாத வாகனம் ஒண்டு. மிச்சத்தை நான் கட்டுறதா சொல்லி எடுக்கலாமா? வட்டி இல்லாம எடுக்க வழி இருக்கா?"

அப்சொலூட் ஓனராக லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும் வரைக்கும் வாகனம் கம்பனிக்குத்தான் சொந்தம். வாய்ப் பேச்சில் "நீங்க மாசம் மாசம் கட்டுங்க" என்று எடுத்து, பழைய ஆள் வேறு கடனில் மாட்டி வாகனம் பறிபோன கதைகள் என் முன்னாலேயே நடந்திருக்கின்றன. நீங்களும் விற்கிறவரும் சேர்ந்து கம்பனிக்குப் போய், மிச்சத் தொகையை எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை நேராகக் கம்பனிக்கே கட்டி, பெயர் நீக்கும் கடிதத்தைக் கையில் வாங்குங்கள்.

வட்டி வேண்டாம் என்கிறவர்களுக்கு இஜாரா, அதாவது இஸ்லாமிய முறைப்படி வாடகைக்கு எடுக்கும் முறை இருக்கிறது. அதிலும் தவணை முடியும் வரை வாகனம் காசு கொடுத்த நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். எந்த வழியில் போனாலும் கடன் தருகிறவர்கள் தங்கள் மதிப்பீட்டாளர் சொல்லும் விலைக்குத்தான் தருவார்கள். விற்கிறவர் கேட்கும் விலைக்கு அல்ல. நடுவில் வரும் வித்தியாசம் உங்கள் கைக்காசு.

"டொக்டர் ஒருத்தர்ட பெர்மிட் வாகனம். நம்பலாமா?"

நல்ல வாகனமாக இருக்க வாய்ப்பு அதிகம், பெரும்பாலும் ஒரே கை. ஆனால் பெர்மிட்டில், அதாவது அரச ஊழியருக்கான வரிச் சலுகையில் வந்ததற்குக் கைமாற்ற நிபந்தனை இருக்கலாம். சீ.ஆரில் உள்ள விசேட குறிப்பைப் படித்து, நிபந்தனைக் காலம் முடிந்ததா என்று திணைக்களத்தில் உறுதி செய்த பிறகு பேசுங்கள்.

"கொழும்புக்குப் போய் எடுத்தா மலிவா?"

தெரிவு அதிகம், அதுதான் உண்மையான லாபம். போக்குவரத்து, தங்குமிடம், கூட்டிக்கொண்டு போகும் மெக்கானிக்கின் ஒரு நாள் கூலி எல்லாம் சேர்த்தால் விலை வித்தியாசம் கரைந்துவிடும். போனால் ஒரே நாளில் மூன்று நாலு வாகனம் பார்க்கும்படி ஒழுங்கு செய்துகொண்டு போங்கள். திரும்பி வரும்போது கண்டி, மகியங்கனை வழியாக வந்தால் கடுகண்ணாவ ஏற்றத்தில் எஞ்சினின் உள்ளது தெரிந்துவிடும். ஆனால் அப்போது காசு கொடுத்தாயிற்று. ஆகவே அங்கேயே ஏற்றம் உள்ள ஒரு வீதியில் ஏற்றிப் பாருங்கள். எங்கள் ஊரில் இல்லாத வசதி அது.

"அண்ணன், அட்வான்ஸ் குடுத்திட்டன். பிறகு பாத்தா பெட்டரி சரியில்ல. காசு திரும்ப வருமா?"

துண்டில் என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. "அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், கட்டாயப்படுத்துவது கஷ்டம். அப்படியே போனாலும் அட்வான்சைக் காப்பாற்றப் போய் முழு வாகனத்தையும் எடுக்காதீர்கள். ஒரு ஹைபிரிட் பெட்டரியின் செலவு பல நேரம் அந்த அட்வான்சை விடப் பெரியது.

அடுத்த முறை காசு கொடுக்கும் முன் இப்படி எழுதுங்கள்: "மேற்படி வாகனத்தை வாங்குபவரின் மெக்கானிக் லிப்டில் ஏற்றியும் ஸ்கேனர் போட்டும் பரிசோதிப்பார். ஹைபிரிட் பெட்டரி, கியர்பொக்ஸ், விபத்து, வெள்ளம், பதிவுப் புத்தகம் ஆகிய எதிலாவது குறை கண்டால் இந்த முற்பணம் முழுவதும் மூன்று நாட்களுக்குள் திருப்பித் தரப்படும்." கீழே இருவர் கையெழுத்து, அடையாள அட்டை எண், ஒரு சாட்சி. இதில் கையெழுத்து வைக்க ஆள் தயங்கினால் காசைப் பையை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.